குழந்தைப் பாடல் தொகுப்பு: முன்னுரையை எங்கே தொடங்குவது, புதிதாக எழுதிய பாட்டு ஏன் வாயில் நிற்கவில்லை?

கூடத்துமணி (கேள்வி):

வணக்கம். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கான நாற்பது பாட்டுத் தொகுப்பு ஒன்று தயாராகிறது. இரண்டு இடத்தில் சிக்கல்.

முதலாவது, முன்னுரை. தமிழில் குழந்தைப் பாடல் வளர்ந்த கதையைப் பிள்ளைத்தமிழிலிருந்து தொடங்கலாம் என்கிறார்கள் சிலர். ஆத்திசூடிதான் தொடக்கம் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி?

இரண்டாவதுதான் பெரிய சிக்கல். நாற்பதில் பத்துப் பாட்டு புதிதாக எழுதியவை. "தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு" இரண்டாம் நாளே பிள்ளைகள் வாயில் வந்துவிடுகிறது. புதிய பாட்டுகளோ பத்து நாள் கழித்தும் ஆசிரியர் நிறுத்தினால் அதோடு நின்றுவிடுகின்றன. எதுகை, இயைபு எல்லாம் பார்த்துத்தான் எழுதியது. மாதிரிக்கு ஒன்று:

மேகங்கள் திரண்டு வந்து மழையைப் பொழிகின்றன
ஏரிகளும் குளங்களும் நிரம்பி வழிகின்றன
மரங்களை நாம் பாதுகாத்தால் மழை நமக்குக் கிடைக்கும்
மாசில்லாத பூமியிலே மகிழ்ச்சி என்றும் நிலைக்கும்

எங்கே கோளாறு? வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

ஏடு:

முன்னுரை பற்றி மட்டும் சொல்கிறேன். யாப்பை யாப்பு தெரிந்தவர்கள் பார்க்கட்டும்.

"குழந்தைப் பாடல்" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சரக்கு கிடக்கிறது. குழந்தையைப் பற்றிப் பெரியவர்கள் பாடியது, குழந்தைக்காகப் பெரியவர்கள் எழுதியது, குழந்தைகள் தங்களுக்குள் விளையாட்டில் பாடிக்கொள்வது. இதைப் பிரிக்காமல் எழுதினால் முன்னுரை குழம்பிவிடும். பிள்ளைத்தமிழ் முதல் வகை, ஆத்திசூடி இரண்டாவது, "குலை குலையாய் முந்திரிக்காய்" மூன்றாவது. "இதிலிருந்து அது வளர்ந்தது" என்று ஒரே கோடாக இழுக்க முடியாது. மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் ஓடிவந்த வாய்க்கால்கள். இருபதாம் நூற்றாண்டில்தான் அச்சில் ஒன்று கலக்கின்றன.

பிள்ளைத்தமிழை எந்தக் குழந்தையும் பாடியதில்லை. பருவத்துக்குப் பத்துப் பாட்டாகப் பத்துப் பருவம், நீண்ட ஆசிரிய விருத்தங்கள். ஒட்டக்கூத்தர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடியது இரண்டாம் குலோத்துங்கச் சோழனை; குமரகுருபரர் பதினேழாம் நூற்றாண்டில் பாடியது மதுரை மீனாட்சியை. கேட்டவர்கள் அவையோரும் அடியாரும்.

ஆனாலும் முன்னுரையில் அதை விட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்து வீட்டுக்கூடத்தில் நடந்த விளையாட்டு அத்தனையும் அதற்குள் பதிந்து கிடக்கிறது. செங்கீரைப் பருவம் என்பது குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது. அந்த ஆட்டம் உட்காரப் பழகியதும் "சாய்ந்தாடம்மா" ஆகிறது. சப்பாணி என்றால் கைகொட்டுவது. அம்புலிப் பருவம் நிலவைக் கூப்பிடுவது. "நிலா நிலா ஓடி வா" அதன் நாட்டுப்புறத் தங்கை. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பாலில் அம்மானை, நீராடல், ஊசல் என்றும் வருவன எல்லாம் தெருவிலும் முற்றத்திலும் பிள்ளைகள் ஆடியவைதாம்.

பிள்ளைத்தமிழ் தனி நூல் வகையாக நிலைபெறுவதற்கு முன்பே, ஒன்பதாம் நூற்றாண்டில் பெரியாழ்வார் இதைச் செய்துவிட்டார். திருமொழியின் முதல் பத்தைத் திறந்து வரிசையாகப் பாருங்கள்: "மாணிக்கம் கட்டி" தாலாட்டு, அடுத்தது அம்புலி, அப்புறம் செங்கீரை, சப்பாணி, தளர்நடை, ஓடிவந்து முன்னால் கட்டிக்கொள்ளும் அச்சோ, பின்னால் வந்து முதுகைக் கட்டிக்கொள்ளும் புறம்புல்கல். இரண்டாம் பத்தின் முதல் திருமொழி அப்பூச்சி காட்டுவது, அதாவது பயமுறுத்தி விளையாடுவது. தொட்டிலில் தொடங்கி ஓடித் திரியும் வயது வரை போகிற வரிசை இது. உங்கள் தொகுப்பையே இந்த வரிசையில் அடுக்கலாம் என்பது என் யோசனை.

ஆத்திசூடி வேறு வேலைக்காகச் செய்தது. எழுத்து வரிசையில் நூற்றொன்பது அடி, அடிக்குப் பெரும்பாலும் இரண்டே சொல். திண்ணைப் பள்ளியில் எழுத்தும் பாடமும் ஒரே மூச்சில் ஏறவேண்டும் என்பதற்கான கருவி அது. "ஙப்போல் வளை" என்ற அடி எப்படி வந்தது என்று யோசித்தால் இது விளங்கும். ங வில் தொடங்கும் சொல் கிடையாது, வரிசையையும் விடக்கூடாது. அந்த எழுத்தின் வளைவையே உவமையாக்கிவிட்டார் ஔவை. கொன்றை வேந்தன் தொண்ணூற்றொரு அடியும் இதே எழுத்து வரிசை முறைதான். மனனத்துக்கு இவை அருமையானவை. ஆடிப் பாட ஆகாது. ஆடல் பாட்டுப் பகுதியில் இவற்றை வைத்துவிட்டுப் பிள்ளைகள் ஆடவில்லையே என்று வருந்த வேண்டாம்.

குழந்தைக்கென்றே, குழந்தை பாடுவதற்கென்றே, பெயர் சொல்லக்கூடிய கவிஞர்கள் எழுதியது பாரதியிலும் கவிமணியிலும்தான் வலுப்பெறுகிறது. பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். பாப்பா பாட்டு அந்த ஆண்டுகளைச் சேர்ந்தது. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) பள்ளி ஆசிரியர். பிறகு அழ. வள்ளியப்பா (1922–1989). 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றுகிறது. அம்புலிமாமா 1947, கண்ணன் 1950, கோகுலம் 1972 என்று இதழ்கள் வருகின்றன. இதற்கு முன்னுரையில் இரண்டு பத்தி போதும்.

சீர்பிரி:

பாட்டுக்கு வருகிறேன். எதுகையில் குறை இல்லை. தாளத்தில் இருக்கிறது, வினைச்சொல்லில் இருக்கிறது, கடைசி இரண்டு வரியில் இருக்கிறது.

முதலில் தாளம். பாட்டுக்கு மாத்திரை எண்ண எளிய வழி: குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, குறிலோ நெடிலோ ஒற்றோடு வந்தால் 2. சொல்லின் நடுவிலும் இறுதியிலும் வரும் ஐகாரத்துக்கு இப்போதைக்கு 1. இப்படி எண்ணினால் உங்கள் நான்கு வரிகள் முறையே 23, 22, 26, 26. கூட்டுத்தொகை முன்பின்னாக இருப்பதைவிட மோசம், உள்ளே சொற்கள் விழும் இடம் வரிக்கு வரி மாறுவது. முதல் வரியில் 6, 4, 3, 4, 6. இரண்டாம் வரியில் 6, 6, 4, 6. மூன்றாவதில் 5, 2, 7, 2, 5, 5. கைதட்டு எங்கே விழும் என்று பிள்ளையால் ஊகிக்க முடியாது. ஆசிரியர் வாயைப் பார்த்துத்தான் பாட முடியும். ஆசிரியர் நிறுத்தினால் பாட்டு நிற்பது அதனால்தான்.

இப்போது இதை எண்ணிப் பாருங்கள்:

நிலா நிலா ஓடி வா
நில்லாமல் ஓடி வா
மலை மீது ஏறி வா
மல்லிகைப் பூக் கொண்டு வா

நிலா 3, நிலா 3, ஓடி 3, வா 2, ஒரு மாத்திரை மூச்சு. நில்லாமல் 6, அதாவது மூன்று மாத்திரை இரண்டு முறை. மலை, மீது, ஏறி எல்லாம் மூன்று மூன்று. சுத்தமான திசிர நடை, அதாவது மூன்றின் நடை. இதில் ஒரு நுட்பம் கவனியுங்கள். "மலை"யில் லை நீண்டு 2 ஆகிறது. "மல்லிகை"யில் அதே ஐகாரம் சுருங்கி 1 ஆகிறது. பாடும்போது ப்பும் காணாமல் போய் "மல்லிகெ பூ" என்று 6 மாத்திரையில் அடங்கிவிடுகிறது. ஐகாரம் ரப்பர் மாதிரி, இழுக்கலாம், விடலாம். மற்ற நெடில்களிடம் இந்தச் சலுகை கிடையாது. வரி ஒரு மாத்திரை இடிக்கும்போது ஐகாரத்தில் முடியும் சொல்லைத் தேடுங்கள்.

"சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு" நான்கின் நடை: சாய்ந்தா 4, டம்மா 4, சாய்ந்தா 4, டு 1, பிறகு மூன்று மாத்திரை வெற்றிடம். "கைவீசம்மா கைவீசு" இதே அச்சு. "குத்து விளக்கே சாய்ந்தாடு" என்பதைச் சொல்லாகப் பிரிக்காமல் மாத்திரையாகப் பிரியுங்கள்: குத்துவி 4, ளக்கே 4. எவ்வளவு இறுக்கம்! கடைசி வெற்றிடம் வீண் இடமன்று. உடம்பு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சாய்வது அந்த மூன்று மாத்திரையில்தான். வெற்றிடம் இல்லாத பாட்டில் மூன்று வயதுப் பிள்ளை மூச்சு வாங்க இடம் இருக்காது.

வள்ளியப்பாவின் "வட்டமான தட்டு" பாட்டிலும் இதே தந்திரம்: வட்ட, மான, தட்டு என்று மூன்று தட்டு, நான்காவது வெறும் கைதட்டு. அதோடு அந்தாதியும் சேர்கிறது. ஒரு வரி முடியும் சொல்லே அடுத்த வரியைத் தொடங்குவதால் அடுத்து என்ன என்று பிள்ளை தேட வேண்டியதில்லை. ட்ட என்ற இரட்டை ஒற்று மழலை வாய்க்குச் சுகமானது. ழ, ற போல நாக்கை வருத்தாது.

அடுத்து வினைச்சொல். உங்கள் பாட்டில் "பொழிகின்றன", "வழிகின்றன". இப்படி யார் பேசுகிறார்கள்? கவிமணியின் பசுப் பாட்டில் நான்கு கண்ணி, எட்டு அரைவரி. மேயுது, குதிக்குது, என்குது, ஓடுது, நக்குது, குடிக்குது, கொடுக்குது, மறுபடியும் குடிக்குது: அரைவரிக்கு ஒரு வினை, எட்டும் பேச்சு வடிவம். மரபுச் செய்யுளில் கைதேர்ந்த ஒரு புலவர் "மேய்கிறது" என்று எழுதாமல் "மேயுது" என்று எழுதியதுதான் இந்தத் துறையில் நடந்த பெரிய மாற்றம் என்று நான் நினைக்கிறேன். பாத்திரம் இரண்டே: பசு, கன்று. நிறம் சொல்லும் ஒரு சொல் போக வருணனை இல்லை. பிள்ளை நடித்துக் காட்ட முடியாத சொல் ஒன்றும் இல்லை. "பாதுகாத்தால்" என்பதை எப்படி நடிப்பது?

அந்தப் பாட்டில் வரிகளைக் கோப்பது மோனை: தோட்டத்தில்–துள்ளி, அம்மா–அண்டையில், நாவால்–நன்றாய், முத்தம்–முட்டி. நடுவே "அங்கே", "உடன்", "பாலை", "மடி" என்று ஒரு தனிச்சொல் வந்து முதல் பாதியின் வாலையும் அடுத்த பாதியின் தலையையும் முடிச்சுப் போடுகிறது. பாப்பா பாட்டில் "நீ", "ஒரு" என்பன செய்வதும் இதே வேலை. வரியின் முடிவு காதுக்கு அழகு. வரியின் தொடக்கம்தான் நினைவுக்குப் பிடிமானம். நீங்கள் முழுக் கவனத்தையும் முடிவில் வைத்துவிட்டீர்கள்.

கடைசி இரண்டு வரி அறிவுரை. அறிவுரையே கூடாது என்று சொல்லவில்லை. பாரதி அறிவுரைதான் சொல்கிறார். ஆனால் "ஓடி விளையாடு" என்று தொடங்கி, பிள்ளையை நேரே பெயரிட்டுக் கூப்பிட்டு, வரிக்கு ஒரு ஏவல் வீதம் சொல்கிறார். உங்கள் பாட்டில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பாதியில் பிடித்து வகுப்பில் உட்கார வைத்துவிட்டது மூன்றாம் வரி.

உங்கள் மழையையே "சாய்ந்தாடம்மா" அச்சில் ஊற்றிப் பார்த்தேன்:

சடசட சடசட மழைபெய்யுது
தகரக் கூரை தாளமிடுது
குபுகுபு குபுகுபு நீரோடுது
குட்டித் தவளை கூத்தாடுது

நான்கு, நான்கு, நான்கு, இரண்டு. பிறகு இரண்டு மாத்திரை மூச்சு. கூரையின் ரையும் தவளையின் ளையும் கொஞ்சம் நீளும், முன்னே சொன்ன ரப்பர். ச வுக்குத் த மோனையாகும் என்பதால் முதல் இரண்டு வரியும் தொடுத்துக்கொள்கின்றன. நான்கு வரிக்கும் நான்கு சைகை வைக்கலாம்: விரல் நுனியால் தரையில் தட்டுவது, தலைக்கு மேல் கை கூப்பி இரண்டு தட்டு, கையை அலைபோல் ஓட்டுவது, குந்தித் தாவுவது. மரம் நடுவதைப் பற்றித் தனிப் பாட்டு எழுதுங்கள். குழி தோண்டுவது, கன்று வைப்பது, தண்ணீர் ஊற்றுவது என்று செய்கையாக எழுதுங்கள்.

வடலி:

ஏடு எழுதியதில் ஈழம் விடுபட்டுப் போயிற்று. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) இல்லாமல் இந்த வரலாறு நிறைவாகாது. கவிமணியின் அதே தலைமுறை, இரண்டாண்டுதான் இளையவர்.

"ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை" பாட்டைத் தொகுப்பில் கட்டாயம் சேருங்கோ. சேர்க்கும்போது சில சொற்களுக்குக் குறிப்பு வேண்டும். "விடுதலை" என்றால் இங்கே பள்ளிக்கூட விடுமுறை. "பனங்கட்டி" உங்கள் பக்கத்துக் கருப்பட்டி. ஆடிப்பிறப்பு ஆடி முதலாம் தேதி, யூலை நடுப்பகுதியில் வரும்.

அந்தப் பாட்டின் சிறப்பு, அது ஒரு சமையற் குறிப்பு. பாசிப்பயறை வறுத்துக் குற்றுகிறது, பச்சையரிசியை இடித்துத் தெள்ளுகிறது, பருப்பை அவிக்கிறது, மாவைப் பதமாய் வறுக்கிறது, தேங்காய் துருவிச் சர்க்கரை கலக்கிறது, மாவைக் குழைத்து வில்லை வில்லையாகக் கிள்ளித் தட்டி உள்ளே வெல்லக் கலவை வைக்கிறது, பிறகு கொழுக்கட்டை அவிக்கிறது. ஒரு படியும் பிசகவில்லை. பாட்டைப் பார்த்தே சமைக்கலாம். கூழைப் பலாவிலை கோலிக் குடிப்பது வரை வருகிறது. நல்லொழுக்கம் பற்றி ஒரு வரி இல்லை, ஆனால் யாழ்ப்பாணத்து முற்றம் ஒன்று முழுதாக அதற்குள் இருக்கிறது. சீர்பிரி சொன்ன செய்கை வினை இதிலே எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கோ.

ஒரு எச்சரிக்கை: பாட்டு நீளம். மூன்று வயதுக்கு முதல் இரண்டு கண்ணி போதும், சமையற் பகுதி ஐந்து ஆறு வயதுக்குச் சரி. கத்தரித் தோட்டத்து வெருளியைச் "சேவகா" என்று கூப்பிடும் அவருடைய மற்றப் பாட்டும் இந்த வயதுக்குப் பொருந்தும். வெருளி என்பது வயற்பொம்மை. ஒரு பிள்ளை கையை விரித்து வெருளியாக நிற்க மற்றப் பிள்ளைகள் சுற்றிநின்று பாடலாம்.

கூடத்துமணி:

மூவருக்கும் நன்றி. மழைப் பாட்டை மாற்றிக்கொள்கிறோம். இன்னும் ஒன்று: புதிய பாட்டுகளில் நான்கை, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆங்கில நர்சரி மெட்டில் அமைத்திருக்கிறோம். மெட்டு தெரிந்திருந்தால் சீக்கிரம் பிடிக்கும் என்று எண்ணினோம். அதுவும் சரிவரவில்லை. அத்துடன், நாட்டுப்புறப் பாட்டுகளை அச்சிடும்போது எழுத்துத் தமிழுக்கு மாற்றலாமா?

சீர்பிரி:

ஆங்கில மெட்டு அழுத்தத்தில் நடப்பது. எந்த அசையில் அழுத்தம் விழுகிறதோ அது நீளும். தமிழில் குறில் நீண்டால் சொல்லே மாறிப்போகும்: கல் கால் ஆகும், பல் பால் ஆகும், படம் பாடம் ஆகும், வடை வாடை ஆகும். பெரியவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். சொல்லை இப்போதுதான் கற்கும் பிள்ளைக்கு ஊகிக்க ஒன்றும் இல்லை. அந்த நான்கையும் எடுத்து, மெட்டின் நீண்ட சுரம் ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன எழுத்து இருக்கிறது என்று குறியுங்கள். குறில் மட்டும் இருந்தால் அந்த இடத்தில் நெடிலோ ஒற்றோடு கூடிய எழுத்தோ வரும் சொல்லைப் போடுங்கள். வரிக்கு இரண்டு இடத்துக்கு மேல் மாற்ற வேண்டியிருந்தால் மெட்டை விட்டுவிடுங்கள். கும்மி, ஊஞ்சல், தாலாட்டு மெட்டுகள் தமிழின் குறில் நெடிலோடு பிறந்தவை, இடிக்காது.

ஏடு:

நாட்டுப்புறப் பாட்டை மாற்றவே மாற்றாதீர்கள். "நண்டூருது நரியூருது" என்பதை "நண்டு ஊர்கிறது, நரி ஊர்கிறது" என்று திருத்திப் போட்டால் விரல் கையில் ஏறும் வேகம் போய்விடும். கிச்சுகிச்சு மூட்டும் இடம் வருவதற்குள் பிள்ளை எழுந்து போய்விடும். பேச்சு வடிவத்தை அப்படியே அச்சிடுங்கள். ஊருக்கு ஊர் பாடம் வேறுபடும். ஒன்றைத் தேர்ந்து, அது எந்த வட்டாரத்து வடிவம் என்று கீழே ஒரு வரி போடுங்கள். இரண்டு ஊர் வடிவத்தை ஒட்டி "முழுமையான" பாட்டு ஒன்று செய்யவேண்டாம்; அப்படி ஒட்டியது எந்த ஊரிலும் பாடப்படாத பாட்டாகிவிடும்.

சொல்லை மட்டும் அச்சிட்டால் பாதிதான். பருப்பு கடையும் பாட்டில் குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை வைத்துக் கடைவதா, விரலால் கடைவதா. சோறு யார் யாருக்கு என்று எந்த விரலிலிருந்து மடக்கிக்கொண்டு வருவது. இதெல்லாம் பாட்டின் பகுதி. ஒவ்வொன்றின் கீழும் செய்கை, எத்தனை பேர், எந்த வயது என்று மூன்றும் குறியுங்கள்.

உரிமை விஷயம் யாரும் தொடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு, இலங்கையில் 70. பாரதி, கவிமணி, சோமசுந்தரப் புலவர் மூவருடைய பாட்டுகளும் இரண்டு கணக்கிலும் கடந்துவிட்டன, தாராளமாகப் போடலாம். பிற்காலத்தவர்க்கு மறைந்த ஆண்டைப் பாருங்கள், தமிழக அரசின் நாட்டுடைமைப் பட்டியலைப் பாருங்கள். இரண்டிலும் அடங்காவிட்டால் குடும்பத்தாரிடமோ பதிப்பகத்திடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். படம் வரைந்தவருக்கும் பாட்டைப் பாடிப் பதிவு செய்தவருக்கும் உரிமை தனி. பழைய பாட்டாயிற்றே என்று யாரோ பாடிய ஒலிப்பதிவை எடுத்துச் சேர்த்துவிட வேண்டாம்.